மின்சாரம் கேட்காத வீடு

பிளாஸ்டிக் பை இல்லாமல் மீன் வாங்குவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. ஓர் ஓலைப்பெட்டி போதும். அடியில் இரண்டு பூவரச இலையைப் போட்டுக்கொண்டால் ரத்தம் கசியாது. ஆரம்பத்தில் புதுமடம் கரையில் மீன் விற்கிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு நான் வருவது தெரிந்தாலே பையைத் தேடாமல் பெட்டிக்காகக் கை நீட்டினார்கள். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் சத்யப்பிரியா கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் படித்தால் நான் கோபக்காரன் என்றோ குடிகாரன் என்றோ யாருக்கும் தோன்றும். நான் இரண்டும் இல்லை. என் மனைவி கோகிலாவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அவளிடம் குரல் உயர்த்தியதுகூட இல்லை. அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். மிளகாய் போடுகிற குடும்பம். பெயர் மாரிச்செல்வம். கல்யாணமான புதிதில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். மழை பெய்கிற அன்று கழிவுத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்வார்கள். மழைத் தண்ணீரோடு கலந்து போய்விடும், யாருக்கும் தெரியாது. திறந்துவிட்டவன் நான்தான். ஒரு தடவை மழை பாதியில் நின்றுவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு நாய் நாலு காலும் நீலமாக நின்றது. நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குமேல் அந்த ஊரில் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

புதுமடத்தில் வீடு கட்டினோம். மண்ணும் சுண்ணாம்பும் குழைத்த சுவர், பனங்கை போட்ட கூரை. கதவும் ஜன்னலும் பரமக்குடியில் இடித்த பழைய வீடுகளிலிருந்து வந்தவை. எங்களுக்காக ஒரு மரமும் புதிதாக வெட்டப்படவில்லை. மின்சார இணைப்பு வாங்கவில்லை. கூரை மேல் சின்ன சோலார் தகடு ஒன்று. விளக்குக்கும் போனுக்கும் அது போதும். பக்கத்துக்கு சைக்கிள், தூரத்துக்கு அரசுப் பேருந்து. துணி எடுப்பதை அநேகமாக நிறுத்திவிட்டோம். கோகிலா கல்யாணத்துக்கு வந்த புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டினாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதுவும் பூமிக்கு ஒரு பாரம் குறைந்ததுதான் என்று வருகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு. அப்போதெல்லாம் கோகிலா அடுப்படிக்கு எழுந்து போய்விடுவாள்.

வருகிறவர்கள் என்றால் நிறையப் பேர். கல்லூரி மாணவர்கள், மதுரையிலிருந்து வரும் குடும்பங்கள், வீடு கட்ட நினைக்கிறவர்கள். சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். இந்த வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறதே என்பார்கள். அவர்கள் திரும்பிப் போகும்போது முகத்தில் ஒரு வெட்கம் இருக்கும், தங்கள் வீட்டை நினைத்து. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

கோகிலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை. காலையும் சாயங்காலமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். விட்டால் உயிருக்கு ஆபத்து. எங்கள் வீட்டில் வேறு எதிலும் குப்பை சேராது. அவளுடைய ஊசிகள் மட்டும் ஒரு டப்பாவில் சேர்ந்துகொண்டே வந்தன. அந்த டப்பாவைப் பரணில் வைக்கச் சொன்னேன். ஒரே ஊசியைப் பல தடவை போடலாம் என்றும் சொன்னேன். தொடையில் கன்றிப்போன இடங்களை அவள் எனக்குக் காட்டவில்லை. புடவை மாற்றும்போது நானாகத்தான் பார்த்தேன்.

மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பார்கள். திருப்பூரில் எங்களிடம் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. அதைக் கொண்டுவரவில்லை. அதற்குப் பதில் நான் பானை வைத்துக் கொடுத்தேன். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஆற்று மணல், மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணல் காயக் காய உள்ளே குளிரும். வருகிறவர்கள் அந்தப் பானையைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். கார்த்திகை, மார்கழியில் அது நன்றாகவே வேலை செய்தது.

கோடையில் கோகிலாவுக்குச் சர்க்கரை ஏறியது. ராமநாதபுரத்தில் டாக்டரம்மாவிடம் போனோம். மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். கோகிலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பானையில் என்றாள்.

"வெயில் காலத்துல அது தாங்காதுங்க. கெட்டுப்போன இன்சுலினும் பாக்கறதுக்குத் தண்ணி மாதிரிதான் இருக்கும். போட்டும் புண்ணியமில்ல. முதல்ல ஒரு ஃபிரிட்ஜுக்கு வழி பண்ணுங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து மணலை மாற்றினேன். பானையை ஜன்னல் ஓரமாக வைத்தேன். கொஞ்ச நாளில் அவள் சர்க்கரை இறங்கிவிட்டது. முகம் தெளிந்தது. பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவோடு சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. இன்சுலினையே பானையில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது எப்படியோ ஒரு யூடியூப் சேனல்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய சேனல். கத்திரி வெயிலில் வந்து எடுத்தால்தான் எடுபடும், வருகிறோம் என்று சொன்னார்கள். அக்கம்பக்கத்தாரிடமும் பேசுவோம் என்றார்கள்.

அவர்கள் வருவதற்காகப் பானையைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். உள்ளே இருந்த மருந்துப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தேதி எப்போதோ முடிந்துபோன புட்டி. மூடியில் தூசி. எனக்காக வைக்கப்பட்டிருந்தது.

கோகிலாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள். காலையும் சாயங்காலமும் அவள் எதற்காக மெஹருன்னிசா வீட்டுக்குப் போகிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது நான் அங்கே போனேன்.

"லாத்தா, நாங்களும் ஃபிரிட்ஜ் வாங்கிட்டோம். கோகிலா மருந்த வாங்கிட்டு வரச் சொன்னா."

மெஹருன்னிசா உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். ஈரத்தை முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். "அல்ஹம்துலில்லாஹ். நல்ல காரியம் பண்ணுனீங்க தம்பி. அந்தப் புள்ள உங்ககிட்டச் சொல்ல முடியாமத் தவிச்சுப்போச்சு. என் வீட்ல இருந்தா என்ன, உங்க வீட்ல இருந்தா என்ன, உடம்பு நல்லாருந்தாச் சரி."

சில்லென்றிருந்த அந்த டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தேன். பானைக்குள் வைத்தேன்.

கோகிலா கொடியில் துணியைப் போட்டுவிட்டு வந்தாள். பானையைத் திறந்து பார்த்தாள்.

"லாத்தா வீட்டுக்குப் போனீங்களா?"

"ம்."

"என்ன சொல்லி வாங்குனீங்க?"

சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "படம் எடுத்து முடியற வரைக்குந்தான? அதுக்கப்புறம் அங்கன வச்சுக்கிரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். சரி என்றேன். அதுவரை அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம் என்றும் சொன்னேன். அதற்கும் சரி என்றாள். செம்பில் தண்ணீர் எடுத்து வந்து மணலைச் சுற்றி ஊற்றினாள். அன்றிலிருந்து நாளெல்லாம் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதே அவளுக்கு வேலையாக இருந்தது.

சேனல்காரர்கள் சொன்ன நாளில் வரவில்லை. வேறு படப்பிடிப்பு நீண்டுவிட்டதாம். அடுத்த வாரம் என்றார்கள். பிறகு அதற்கடுத்த வாரம். இது என் கையில் இல்லாத விஷயம். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கோகிலா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. சர்க்கரை பார்க்கிற மீட்டரைக் கொண்டுவந்து காட்டினாள்.

"நம்பரே வரலங்க. ஹைன்னு மட்டும் காட்டுது."

"வெயில்ல பேட்டரி வீக்காயிருக்கும்" என்றேன்.

அவள் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதை உறைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். மருந்தின் அளவைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறாள் என்பதைக் கவனித்தேன். கெட்டுப்போனதைக் கூட்டிப் போட்டு என்ன ஆகும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கடைசியில் அவர்கள் வந்தார்கள். நல்ல பையன்கள். சுவர், கதவு, சைக்கிள், ஓலைப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்தார்கள். கோகிலா மாம்பழ நிறப் புடவை கட்டிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள். "எனக்கு இதுவரைக்கும் ஃபிரிட்ஜ் தேவப்படல. மனசு இருந்தா எல்லாரும் இப்படி இருக்கலாம்." நடுவில் ஒரு தடவை உதட்டை நனைத்துக்கொள்ளத் தண்ணீர் கேட்டாள். அதை வெட்டிவிடுவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் வாந்தி எடுத்தாள். நிற்கவில்லை. மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது. வாயிலிருந்து அழுகின பழவாடை அடித்தது. சத்தம் கேட்டு மெஹருன்னிசாவின் மகன் தவ்ஃபீக் ஓடி வந்தான். ராமேசுவரத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற வாடகைக் கார் வைத்திருப்பவன்.

"அண்ணே, தூக்குங்க. வண்டி வாசல்ல நிக்கிது. வெரசாப் போயிரலாம்."

"வேணாம் தவ்ஃபீக். பஸ் வர்ற நேரந்தான்."

"என்னண்ணே பேசுறீங்க. அப்ப நூத்தியெட்டுக்காச்சும் போனப் போடுங்க."

"ஒரு ஆளுக்காக எதுக்கு ஒரு வண்டி? பஸ் எப்படியும் போகத்தான் போகுது" என்றேன்.

அவன் என்னை விலக்கிவிட்டு உள்ளே வரப் பார்த்தான். கோகிலாதான் வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினாள். எனக்காகத்தான் காட்டினாள் என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். இருக்கலாம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தாள்.

பேருந்தில் கூட்டம். கூடை வைத்திருந்த ஓர் அம்மா எழுந்து இடம் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்றுதான் போனது. உச்சிப்புளி தாண்டியதும் அவள் தலை ஜன்னல் கம்பியில் இடிக்க ஆரம்பித்தது. மூச்சு வாங்குகிற சத்தம் குறைந்ததால் தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்டக்டர்தான் பார்த்துவிட்டு விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். பிறகு எங்கேயும் நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோய்விட்டார்கள். பயணிகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் நாடி பார்த்துவிட்டு, கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது என்றார்.

அவளுடைய அண்ணன் முனியசாமி ஊரிலிருந்து ஆட்களோடு வந்தார். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து சேர நேரமாகும் என்பதால் உடலை வைக்கக் குளிர்பெட்டி கொண்டுவந்தார்கள். எங்கள் சோலார் அதற்குக் காணாது. தவ்ஃபீக் தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தான். நான் ஆட்சேபணை எதுவும் சொல்லவில்லை. பெட்டி ஓடுகிற சத்தம் அந்த வீட்டுக்குப் புதிதாக இருந்தது.

ஒயரோடு மெஹருன்னிசாவும் உள்ளே வந்தார். கோகிலாவின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து அடுப்படியைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"தம்பி, ஃபிரிட்ஜ் வாங்கிட்டேன்னீங்களே. எங்க அது?"

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். முனியசாமி பெட்டியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "என்ன மாப்ள, என்ன ஃபிரிட்ஜ்?" என்றார். நான் பதில் சொல்லுமுன் மெஹருன்னிசா நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டே தன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நாந்தான எடுத்துக் குடுத்தேன், என் கையாலதான எடுத்துக் குடுத்தேன்" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதை இன்ஸ்பெக்டரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்.

படம் வெளிவந்துவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்களாம். எடுத்துவிடச் சொல்லி முனியசாமி சேனல்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் அபிப்பிராயம். அதில் அவள் நன்றாகத்தான் சிரிக்கிறாள். கீழே எழுதியிருப்பவர்களில் சிலர் தாங்களும் பானை வைத்துவிட்டதாகச் சொல்கிறார்களாம்.

பானை அந்த ஊருக்குச் சரிப்படாது. கடற்காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் மணல் சீக்கிரம் காயாது; காயாவிட்டால் குளிராது. இது எனக்கு முதல் கோடையிலேயே தெரியும். மருந்து கெடும் என்று தெரிந்துதான் எடுத்து வந்தேன். கெட்டதைத்தான் போட்டுக்கொள்கிறாள் என்று தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சத்யப்பிரியா எழுதிக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து ஒன்று கேட்டார். "பஸ் எப்படியும் போகத்தான் போகுதுன்னு சொன்னீங்கள்ல. மெஹருன்னிசா வீட்டு ஃபிரிட்ஜும் எப்படியும் ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு. அதுல ஒரு டப்பா மருந்து இருந்தா என்ன கூடிரப்போகுது?"

நியாயமான கேள்வி. இத்தனை நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்தேன். சேனல்காரர்கள் பக்கத்து வீட்டுக்கும் போவதாகச் சொல்லியிருந்தார்கள். மெஹருன்னிசாவுக்குப் பொய் சொல்ல வராது.

"யாராச்சும் பாத்துருப்பாங்க மேடம்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். அதற்கும் பூமிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.