பதினாறு பக்கங்கள்

டீச்சர், படித்த புத்தகம் ஒன்றைப் பற்றி மனசில் பட்டதை எழுதி வரச் சொன்னீர்கள். நான் முழுதாகப் படித்தது ஒன்றே ஒன்றுதான். வயசுப் பிள்ளைகள் படிக்கிற காதல் கதை அது. ஐம்பத்துமூன்று வயசில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

புத்தகம் தைக்கிற பட்டறையில் முப்பது வருஷமாக வேலை. எழுத்து தெரியாமலே லட்சம் புத்தகம் தைத்திருப்பேன். பதினாறு பக்கம் மடித்தது ஒரு ஃபாரம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அடுக்கிவைத்தால் அந்தக் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்க வேண்டும். இறங்கினால் வரிசை சரி. உள்ளே யார் செத்தார்கள், யார் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

என் மகள் மருந்துக் கடையில் பில் போடுகிறாள். அவள் அம்மா இறந்ததிலிருந்து சமையல், துணி, என் மாத்திரை எல்லாம் அவள் பொறுப்பு. போன வருஷம் ஒருநாள் முதுகு பிய்ந்த இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.

"அப்பா, இதைத் தைச்சுக் குடு. ஒரு பக்கம்கூட விழக் கூடாது, சொல்லிட்டேன்."

"யாரு குடுத்தா?"

"ஃப்ரெண்டு."

"என்ன கதை?"

"உனக்கு எதுக்கு? நீ முதல்ல உன் பாடத்துல ஆடு, இலையை முடி."

சிரித்துக்கொண்டே போனாள். அச்செழுத்தே எனக்குத் ததிங்கிணத்தோம் என்று அவள் நினைப்பு. மாலை வகுப்பில் கையெழுத்துப் படிக்க நீங்கள் சொல்லிக்கொடுத்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

முதல் தாளில் ஒரு பாஸ்போர்ட் போட்டோ ஒட்டியிருந்தது. அவள் கடைக்கு மருந்துப் பெட்டி கொண்டுவருகிற பையன், தூரத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறானாம். கீழே எழுதியிருந்தான்: "ஒரு வருஷம் இந்தக் கதையில வர்ற மாதிரி பேசாம இருப்போம். அப்பவும் நான் வேணும்னா, அடுத்த வருஷம் இதே தேதி பஸ் நிலையத்துக்கு வா. நேரம் புத்தகத்தோட முடிவுல இருக்கு."

பசை காய வேண்டும், நூல் வர வேண்டும் என்று நாற்பத்தொரு நாள் இழுத்தேன். அத்தனை நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

கதை நல்ல கதைதான். அந்தப் பெண் பேசுவதெல்லாம் என் மகள் பேசுவது மாதிரியே இருந்தது. ஆனால் அவள் அப்பன் இரண்டே இடத்தில் வருகிறான், இரண்டிலும் தூங்குகிறான். அதுதான் எனக்கு ஒப்பவில்லை. பதினோராவது ஃபாரத்தின் முடிவில் அவள் பஸ் நிலையத்தில் காத்திருக்கிறாள். பேசிவைத்தபடி காலை பத்து மணி பஸ் வருகிறது. அதிலிருந்து அவன் இறங்கவில்லை. அந்த இடத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை, டீச்சர். யார் பெற்ற பெண்ணோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவதுதான் கடைசி ஃபாரம். அதில் அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். வழியில் பழுதான பஸ்ஸை விட்டு நடந்து நடந்து, மாலை ஆறு மணிக்கு அவன் வந்து நிற்கிறான். இரண்டு பேரும் வேறு பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். படிக்கும்போது எனக்கே அவ்வளவு சந்தோஷம். அப்புறம் யோசித்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் யார் விளக்குப் போட்டார்கள், தூங்கி எழுந்த மனுஷனுக்கு யார் சோறு போட்டார்கள் என்று எழுதியவர் ஒரு வரி எழுதவில்லை.

அந்தப் பதினாறு பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத் தைத்தேன். பதினோராவது ஃபாரம் முற்றுப்புள்ளியோடு முடிந்தது என் அதிர்ஷ்டம். அட்டை போட்டு, ஓரம் வெட்டிக் கொடுத்தேன். நான் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை.

மகள் இரண்டே நாளில் படித்துவிட்டாள்.

"சட்டுனு முடிஞ்சிடுச்சேப்பா. பக்கம் ஏதாவது விட்டுட்டியா?"

"முப்பது வருஷமா தைக்கிறேன், பக்கத்தை விடுவேனாம்மா?"

அப்புறம் கேட்கவில்லை. அவள் வேலைக்குப் போன நேரத்தில் பிரித்து, அந்தப் பக்கங்களையும் சேர்த்து மறுபடி தைக்க அரை மணி நேரம் போதும். அவன் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. நான் அவசரப்படவில்லை.

அந்தத் தேதியில் காலையில் தலைக்குக் குளித்தாள். நீலப் புடவை கட்டினாள். எட்டரைக்குப் போனவள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவர் ஓரம் உட்கார்ந்தாள். என்னம்மா என்றேன். எல்லாவற்றையும் அவளே சொன்னாள்.

"அவன் முன்னாடியே சொல்லிட்டான்பா. வரமாட்டேன்னு புத்தகத்தையே குடுத்திருக்கான். எனக்குத்தான் புரியல."

தலையைத் தடவிக்கொடுத்தேன். ஒரு வருஷமாக அடக்கிவைத்த அழுகை, குடம் கவிழ்ந்த மாதிரி கொட்டியது. அப்புறம் எழுந்து எனக்குச் சோறு போட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. அவள் சிரிப்பு மட்டும் இல்லை. போனில் அவன் பேரை அழித்துவிட்டாள். இரண்டு பேருமே ரோஷக்காரர்கள்.

அன்று மாலை நான் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சல் என்று உங்களிடம் சொன்னேன். பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஐந்தரைக்கே அவன் வந்துவிட்டான், போட்டோவில் இருந்ததைவிட இளைத்து. சட்டையில் மடிப்புக் கலையவில்லை. ஆறு ஆனது. ஏழு ஆனது. ஒவ்வொரு பெண் வரும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குடி தம்பி. ரொம்ப நேரமா உக்காந்திருக்கியே."

"ஒருத்தங்களுக்காக இருக்கேங்க. வருவாங்க. நீங்களும் யாருக்காவதா?"

"என் பொண்ணுக்காகப்பா. ஆனா அவ மதியமே வீட்டுக்கு வந்துட்டா."

"குடுத்து வெச்சவருங்க நீங்க" என்றான்.

எட்டரைக்குக் கடைசி பஸ். ஏறும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான். நல்ல பையன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பஸ் திரும்புகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எடுத்துவைத்த பக்கங்கள் பட்டறையில் என் பெட்டியில் இருக்கின்றன. சனிக்கிழமை மதியம் எடுத்துப் படிப்பேன். அவன் வந்து நிற்கிற இடத்தில் இப்போதும் அழுகை வந்துவிடுகிறது. என் மகளிடமும் சரி, அந்தப் பையனிடமும் சரி, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, டீச்சர்.