நாலாம் நம்பர் வீடு

– அந்தச் சொம்பைக் கீழ வெச்சிருங்க சார். அது எங்களுக்குங்க. உங்களுக்குப் பக்கத்து ஊட்டுல குழாய்த் தண்ணி வாங்கியாரேன், செத்த இருங்க.

– பரவால்லீங்கம்மா. இது என்ன தண்ணிங்க?

– போர்த் தண்ணி. பஞ்சத்துல கெணறெல்லாம் வத்துனப்ப போட்டதுங்க. அதா, வேம்புக்கு அந்தண்ட கைபம்பு நிக்குது பாருங்க. ஊருல எல்லாத்துக்கும் ஏரிக்கரையில இருந்து வார குழாய்த் தண்ணி. எங்களுக்கு மட்டும் இது.

– அதைக் கேக்கத்தாங்க சேலத்துல இருந்து வந்திருக்கேன். அதாவது, நீங்க சென்னியம்மாள்தானுங்களே? நாச்சிமுத்துக் கவுண்டர் சம்சாரம்?

– ஆமாங்க. நீங்க காலேசு சாருங்களா? போன மாசம் இருவது பேரு, பசங்களும் பொண்ணுங்களுமா வந்து, பல்லைக் காட்டு, முட்டியை மடக்குன்னு ஊடு ஊடாப் பாத்துட்டுப் போனாங்களே.

– அவங்களுக்கு வாத்தியார்ங்க நான். கெமிஸ்ட்ரி. இப்ப காலேஜுல புதுசா ஒரு ஏற்பாடு. அதாவது, முன்னாடியெல்லாம் நாங்க ஒரு ஊருக்கு வருவோம், தண்ணியை பாட்டில்ல பிடிப்போம், குழந்தைங்க பல்லை எண்ணுவோம், அதை எழுதிப் பட்டம் வாங்கிட்டுப் போயிருவோம். எழுதினது லைப்ரரி அலமாரியில தூங்கும். இனிமே அப்படிக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. எந்த ஊருல ஆராய்ச்சி பண்ணினாலும் கண்டுபிடிச்சதை அந்த ஊருக்கே கொண்டுபோய்க் கொடுக்கணும். பசங்களும் பரீட்சை எழுதினா மட்டும் பத்தாது, ஊருக்குள்ள வந்து வேலை செய்யணும்.

– நல்ல ரோசனைதானுங்க. இத்தனை நாளா தோணாமப் போச்சாக்கும்?

– தோணலீங்க.

– கண்ணு கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. என்னமோ சாமி, இப்பவாச்சும் தோணுச்சே. உக்காருங்க. கட்டலு ஆடும், பாத்து உக்காருங்க.

– பசங்க இந்த ஊருக்கு ஒரு படம் போட்டிருக்காங்க. தொண்ணூத்திரண்டு வீடு. குழாய் வந்து ஏழு வருஷமாச்சு. அதுக்கப்புறம் பிறந்த குழந்தைங்களுக்கெல்லாம் காலு நேரா இருக்கு, பல்லுல கறை இல்ல. எல்லா வீட்டுக்கும் பச்சைப் புள்ளி வெச்சிருக்காங்க. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் சிவப்பு.

– எங்கூட்டுக்கு.

– ஆமாங்க.

– என்ர மூத்தவ கண்ணாத்தாளைப் பாத்திருப்பீங்க. பதினஞ்சு வயசு. ரெண்டு முட்டியும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. தடி ஊணாம வாசப்படி எறங்க மாட்டா. சின்னவ சௌந்திரத்துக்கு அஞ்சு முடியுது. அவ ஓடுவா. இன்னம் ஓடறா.

– அவளைப் பத்தித்தாங்க எனக்குக் கவலை. பள்ளிக்கூடத்துல குழாய் பக்கத்துலயே இருக்கு. அந்தக் குழந்தை மட்டும் வீட்டுல இருந்து தூக்குப் போசியில தண்ணி கொண்டு வருது, வேற தண்ணி கொடுத்தா அழுவுதுன்னு என் மாணவி ஒருத்தி எழுதி வெச்சிருக்கா. அதாவது, நேராக் கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. குழாயடியில உங்களைப் பிடிக்க விடறதில்லையா? பங்காளிச் சண்டையா?

– அய்யய்ய, அதெல்லாம் இல்லீங்க. குழாயடிக்குப் போனா எனக்குத்தான் மொதக் கொடம் உடுவாங்க, மூணு பொம்பளைங்க மட்டும் இருக்கற ஊடுன்னு. நெதம் அஞ்சு கொடம் கொண்டாறனே.

– கொண்டு வர்றீங்களா? என்ன பண்றீங்க அதை?

– மாட்டுக்குக் காட்டறேன்.

– மாட்டுக்கு நல்ல தண்ணி. புள்ளைங்களுக்கு இதுவா?

– மாடு சத்தியம் பண்ணலீங்களே சார்.

– என்ன சத்தியம்?

– சொன்னா சிரிப்பீங்க. படிச்சவங்க.

– சிரிக்க மாட்டேன். சொல்லுங்க.

– எழுவத்துநாலு சித்திரையிலீங்க. உங்க காலேசுல இருந்தே ஒரு சாரு வந்தாரு. ஒல்லியா, சுருட்டை முடியா, கல்யாணம் ஆகாத பையன். சேந்தமங்கலத்துல பஸ்ஸை உட்டு எறங்கி வாடகைச் சைக்கிள்ல வருவாரு. அப்ப குழாய் இல்ல. பாதிச் சனம் ஏரிக்கரைக் கெணத்துல எடுப்பாங்க, நாங்க ஆறு ஊடு பக்கமா இருக்குதுன்னு போர்ல எடுப்போம். ஆறு ஊட்டையும் கூட்டி வெச்சு அந்த சாரு சொன்னாரு: நீங்க இந்தத் தண்ணியத் தவுத்து வேற தண்ணி வாயில வெக்கக் கூடாது, கலந்து குடிச்சா சோதனை கெட்டுப் போயிரும், நான் வந்து போதும்னு சொல்ற வரைக்கும் இதையே குடியுங்க, உங்களால நாளைக்கு நாலு சனத்துக்கு நல்லது நடக்கும்னாரு.

– ஆறு வீடும் சரின்னாங்களா?

– அஞ்சு ஊடு வாயால சரின்னாங்க. வாயால சொன்னது காத்தோட போச்சு, குழாய் வந்த அன்னிக்கே மாறிட்டாங்க. எங்கூட்டுக்காரரு அப்படி இல்லீங்க. மூணாங்கிளாசு தாண்டாத ஆளு. காலேசுக்காரங்க நம்மகிட்ட வந்து ஒரு ஒத்தாசை கேக்கறாங்களேன்னு அவருக்குத் தலைகால் புரியல. சாரை நேரா கருப்பணார் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, என்ர ஊட்டுல பொறந்ததும் பொறக்கப் போறதும் நீங்க சொல்ற வரைக்கும் வேற தண்ணி தொடாதுன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்துட்டாரு.

– பொறக்கப் போறதுமா?

– அவருக்கு எதையும் அரைகுறையாச் செய்யத் தெரியாதுங்க. சந்தைக்குப் போனா போற வாரவங்களையெல்லாம் நிறுத்தி, என்ர பேரு காலேசு பொஸ்தகத்துல இருக்குதும்பாரு. ஏனுங்க, நீங்க அந்தப் பொஸ்தகத்தைப் பாத்திருக்கீங்களா?

– பாத்திருக்கேங்க.

– அவரு பேரு இருக்குதுங்களா?

– பேரு போடற வழக்கம் இல்லீங்கம்மா. நம்பர்தான் போடுவாங்க. நாலாம் நம்பர் வீடுன்னு இருக்குது.

– நாலு. சரி, அதுவும் நாங்கதானுங்களே.

– ஆமாங்க. நீங்கதான்.

– அப்ப சரிங்க.

– அம்மா, அதாவது, அந்தத் தண்ணியில புளூரைடுன்னு ஒரு உப்பு இருக்குங்க. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வருஷக்கணக்கா குடிச்சா எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும். கண்ணாத்தா காலு அதனாலதான் வளைஞ்சுது.

– தெரியுமுங்க. உங்க புள்ளைங்க போன மாசமே சொல்லிட்டாங்க.

– தெரிஞ்சுமா குடிக்கறீங்க?

– ஒருக்கா மீறிப் பாத்தேனுங்க. அதுல பட்டது போதும்.

– மீறினீங்களா? எப்ப?

– சௌந்திரத்துக்கு ஒரு வயசு. பால் மறக்கடிக்கிற நேரம். குழாய்த் தண்ணி குடிக்கற புள்ளைங்க கொழுகொழுன்னு இருக்கறதைப் பாத்து எனக்கு ஆசை. அவருக்குத் தெரியாம, மாட்டுக்குக் கொண்டு வார கொடத்துல இருந்து ஒரு டம்ளர் மோந்து புள்ளைக்கு ஊட்டுனேன். ஒம்போது நாளு. பத்தாம் நாளு காத்தால, காட்டுல இருந்து வாரப்ப, பின்னால வந்த டிராக்டரு அவரு மேல ஏறிப் போச்சுங்க.

– அய்யோ.

– ஓட்டுனவன் ஆரன் அடிச்சேன் அடிச்சேன்னு அழுதான். இவரு திரும்பிப் பாக்கவே இல்லையாம். ஊருல விதின்னாங்க. எனக்குத்தானே தெரியும். கருப்பணாரு ஒம்போது நாளு பொறுத்துப் பாத்தாரு. நான் நிறுத்தல. அவரைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அன்னிக்குப் பயந்தவதானுங்க சார், இன்னி வரைக்கும் அந்த டம்ளரை நான் தொட்டதில்ல.

– இத்தனை வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லலையா?

– ஆருகிட்டங்க சொல்றது? புருசனைக் கொன்னவன்னு நானே தண்டோரா போடறதா? கனாவுல வாராரு. வந்தா நேராவே பாத்துக்கிட்டு நிப்பாரு. நான் பக்கவாட்டுல நின்னுக்கிட்டு ஏனுங்க, ஏனுங்கன்னு கூப்படறேன். மொகத்தைத் திருப்ப மாட்டேங்கறாரு. அம்புட்டுக் கோவம்.

– அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். அவரு உயிரோட இருக்கறப்ப தலையைத் திருப்புவாரா?

– எங்கீங்க. கடைசி ரெண்டு வருசம் கழுத்து மரமாட்டம் இறுகிப் போச்சு. ஆராச்சும் கூப்பிட்டா முழு ஒடம்போடதான் திரும்போணும். முதுகு புடிப்புன்னு வேப்பெண்ணெய் தடவுவேன்.

– அது முதுகு பிடிப்பு இல்லீங்க. அந்த உப்பு கழுத்தெலும்புல ஏறிட்டா அப்படித்தான் ஆகும். டிராக்டர் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். திரும்ப முடிஞ்சிருக்காது.

– என்ன சொல்றீங்க சார்?

– நீங்க ஊட்டின குழாய்த் தண்ணிக்கும் அவரு சாவுக்கும் சம்பந்தம் இல்ல. அவரைக் கொன்னது இந்தச் சொம்புல இருக்கற தண்ணி. அவரு சத்தியத்தை விடாமக் காப்பாத்தினாரு பாருங்க, அது.

– அந்தக் கழுத்தாலயா? நெதம் வேப்பெண்ணெய் போட்டு நான் நீவுன கழுத்துங்களே அது.

– அழுங்கம்மா. பரவால்லை.

– நாலு வருசமுங்க. படுத்தா எந்திரிச்சா அந்த டம்ளரு கண்ணு முன்னால நிக்கும். நான் கொல்லலீங்களா சார்?

– இல்லீங்கம்மா. நீங்க கொல்லல.

– அப்ப கனாவுல எம்மேல கோவத்துல திரும்பாம நிக்கலீங்களா அவரு?

– அவரால முடியலீங்க. அவ்வளவுதான்.

– என்ர சாமி.

– இனிமேலாவது நிறுத்துங்க. கண்ணாத்தா காலு பழையபடி ஆகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சௌந்திரத்துக்கு முளைக்கப் போற பல்லுகூடக் கறையோட வரலாம். காலைக் காப்பாத்திரலாம். இன்னைக்கே மாத்தினா காப்பாத்திரலாம்.

– எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா? சாமி கொல்லலைன்னாலும் சத்தியம் சத்தியந்தானுங்களே. அவரு உசுரைக் குடுத்துக் காப்பாத்துனதை அவரு பொண்டாட்டி நான் ஒடைக்கறதா? கற்பூரத்தை அணைச்சு ஒருத்தருக்குக் குடுத்த வாக்கை, வாங்குனவரு வந்து போதும்னு சொன்னாத்தான் எறக்கி வெக்க முடியும். அந்த சாரைக் கொஞ்சம் தேடிக் குடுங்க. உங்க காலேசுதானே. இருக்கறாருங்களா, இல்ல வேற ஊருக்குத் தாட்டி உட்டுட்டாங்களா?

– இருக்காருங்க.

– அப்ப வரச் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை.

– வந்திருக்காருங்கம்மா.

– எங்க?

– நான்தாங்க. தண்டாயுதபாணி.

– நீங்களா? அவருக்கு இந்தா இத்தனை முடி இருந்துதே. இருங்க. சும்மா எனக்காகச் சொல்றீங்களா சார்? புள்ளைங்க மேல எரக்கப்பட்டு?

– இல்லீங்க. சத்தியமா நான்தான்.

– சத்தியமெல்லாம் வேண்டாம். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. அன்னிக்குக் கோயில்ல நானும் புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னேன். எங்கூட்டுக்காரரு கற்பூரத்தை அணைக்கறப்ப அந்த சாரு என்ன பண்ணுனாரு?

– சிரிச்சேன்.

– ஆமாங்க. சிரிச்சீங்க.

– இதுக்கெல்லாம் எதுக்குங்க கற்பூரம்னு சொல்லிச் சிரிச்சேன். மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்லீங்கம்மா. அந்தப் படத்தைப் போட்ட மாணவி, லைப்ரரியில என் பழைய புத்தகத்தை எடுத்துட்டு வந்து, சார், இந்த நாலாம் நம்பர் வீட்டுக்காரங்ககிட்ட நீங்க முடிவைச் சொன்னீங்களான்னு கேட்டா. அதுக்கப்புறம்தான் கிளம்பி வந்தேன். வந்ததும் யாருன்னு சொல்லணும்னுதான் நினைச்சேன். உங்க மொகத்தைப் பாத்ததும் தைரியம் வரல.

– உங்களைத் திட்டறதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க சார். மொதல்ல அந்த வார்த்தையைச் சொல்லுங்க.

– போதுமுங்க. நாச்சிமுத்துக் கவுண்டர் கொடுத்த வாக்கு இன்னையோட தீர்ந்துது. எனக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. குழாய்த் தண்ணி குடியுங்க.

– கண்ணாத்தா, கேட்டயா? அந்தப் பானையைக் கவுத்துப் போடு. தங்கச்சிகிட்ட போசியைக் குடுத்துக் குழாயடிக்கு ஓடச் சொல்லு. மாட்டுக் கொடத்துல வேண்டாம், புதுசாப் புடிச்சாரட்டும். நீ அவசரமா எந்திரிக்காத சாமி, மெதுவா.

– அம்மா, நான் உங்களுக்கு என்ன செஞ்சாலும் ஈடாகாது. கண்ணாத்தாளை சேலத்துல பெரிய டாக்டர்கிட்ட காட்ட ஏற்பாடு பண்றேன்.

– பண்ணுங்க. அது கெடக்குது, இப்ப நெஞ்சு லேசா இருக்குதுங்க. பன்னண்டு வருசம். ஊரே எங்களைக் கிறுக்குக் குடும்பம்னுச்சு. அவரு அசையல. நாம நடுவுல உட்டுட்டா அத்தனை பேரு படிப்பும் கெட்டுப் போயிரும், எங்கியோ ஒரு புள்ளை நல்லாயிருக்கறதுக்குத்தானே குடிக்கறோம்பாரு. அவரு போனதும், புள்ளை காலு போனதும் வீண் இல்லீங்களே? கடைசி வரைக்கும் உங்க சோதனை கெடாமக் காப்பாத்திக் குடுத்துட்டமுங்களே?

– அம்மா...

– ஏனுங்க சார், கண்ணு கலங்குது உங்களுக்கு? இன்னிக்குத்தானே அந்த ஆராய்ச்சி முடியுது?

– இல்லீங்கம்மா. எழுபத்தஞ்சு தை மாசமே முடிஞ்சிருச்சு.