வார்சினிக்கு ஒரு சுற்று

— இன்னிக்கும் கேக்குறேன் வார்சினி... என் படகுல ஏரியை ஒரு சுத்து வர்றியா?

— வர்றேன் கியாந்தோ மாஸ்.

— அதானே! மாட்டேன்னு சொல்லுவன்னு தெரி... என்ன சொன்ன?

— வர்றேன்னேன். அடுப்பை அணைச்சாச்சு. குச்சியில குத்தின முயல்கறி சத்தேயெல்லாம் மூடி வச்சாச்சு. கையைக் குடுங்க, படகு ஆடுது.

— ஏய், ஏய்... ஏறிட்டியே! என்ன திடீர்னு?

— ஒன்பது வருஷமா தினம் கூப்பிட்டது யாரு? நானா?

— இல்ல... லாவு மலையைப் பாரு. உச்சியே தெரியல. பனி இறங்குது.

— சாராங்கான்ல என்னிக்குத்தான் பனி இறங்கல?

— பெட்ரோலும் கம்மி...

— காலையில ரெண்டு கேன் ஊத்தினதைப் பார்த்தேனே.

— பார்த்தியா? என்னை எதுக்குப் பார்த்த?

— அடுப்புப் புகை கண்ணுல பட்டுச்சு, திரும்பினேன். பேச்சை மாத்தாதீங்க. அண்ணன் எனக்கு ஒரு இடம் பார்த்திருக்காரு. மகெத்தான்ல காய்கறி லாரி ஓட்டுறவரு. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒரு சுத்து வந்துடலாம்னு...

— ...நல்லவரா?

— நல்லவருதானாம். மோட்டாரைப் போடுங்க.

— வார்சினி... ஊர்ல சொல்றது தெரியும்ல?

— எது?

— தெரியாத மாதிரி கேக்காத. மனசுக்குப் பிடிச்சவங்க ரெண்டு பேரு சேர்ந்து இந்த ஏரியைச் சுத்தினா பிரிஞ்சிடுவாங்கன்னு.

— அடேயப்பா! நேத்து வந்த ஜோடிகிட்ட அதெல்லாம் சும்மா கதைன்னு சொல்லித்தானே ஏத்துனீங்க?

— அது பொழப்பு!

— சரி, பிடிச்சவங்கதானே பயப்படணும்? நீங்க படகுக்காரர், நான் சத்தேக்காரி. பக்கத்துப் பக்கத்துல இருக்கோம். அவ்வளவுதானே?

— இரு, இந்தக் கயிறு வேற சிக்கிக்கிச்சு...

— அவ்வளவுதானே மாஸ்?

— இறங்கு.

— ஏன்?

— இறங்குன்னா இறங்கு!

— காரணம் சொல்லுங்க, இறங்குறேன்.

— தினம் நீ மாட்டேன்னு சொல்றப்போ... எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும். பிரிஞ்சிடுவோம்னு பயந்துதான் இவ ஏற மாட்டேங்குறான்னு நானா நெனச்சுக்குவேன். அதைக் கேக்கத்தான் கூப்பிடுறதே. இன்னிக்கு நீ பாட்டுக்கு ஏறி உக்காந்துட்ட... போதுமா? எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். லாரிக்காரரையே கட்டிக்க. ஆனா என்கூடச் சுத்தாத. இறங்கு.

— இதோ, இறங்கிட்டேன். சாயங்காலமே வந்து அண்ணன்கிட்டப் பேசுங்க. சட்டையை மாத்திட்டு வாங்க.

— என்னது? வார்சினி... அப்போ எதுக்கு ஏறின? நான் பாட்டுக்குச் சுத்தியிருந்தா?

— எங்க சுத்துறது? நீங்க மட்டும் மோட்டாரைப் போட்டிருந்தீங்கன்னா... நான் தண்ணியில குதிச்சிருப்பேன்!