பதினேழாம் நம்பர்

எழிலனைப் போல ஒரு வெல்டரை இந்த எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், வக்கீலம்மா. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன். எழிலன் கேஸுக்காக ராயபுரத்திலிருந்து இந்த வெயிலில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டி வந்திருக்கிறீர்கள். லேசான காரியமா அது.

என் பெயர் லோகநாதன். வயது ஐம்பத்தாறு. ஆலைகளுக்குக் குழாய் செய்து தரும் பட்டறையில் சூப்பர்வைசர். எழிலன் பதினோரு வருஷமாக என்னிடம் இருக்கிறான். என்னை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவான். அவன் கனடாவுக்குப் போக ஆசைப்பட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. அவன் மகளுக்கு ஏழு வயது, மூச்சிரைப்பு. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் குழந்தையால் படுக்க முடியாது. இந்த ஊர்க் காற்றை விட்டுப் போய்விடுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். முகத்தில் மாட்டி மருந்துப் புகை பிடிக்கும் அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தது நான். “மாமா, நீங்க இல்லாங்காட்டி நாங்க இன்னா ஆவோம்” என்று அவன் மனைவி யசோதரா கண் கலங்கினாள். எனக்கும் கலங்கியது. மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜாயின்ட்டை யார் வெல்டிங் செய்தாரோ அவருடைய நம்பரை அதன் பக்கத்தில் இரும்பிலேயே குத்திவிட வேண்டும். நாளைக்கு வெடித்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் அல்லவா. என் நம்பர் பதினேழு. எட்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை என் கண்ணைப் பிடித்துக்கொண்டது. கறுப்புக் கண்ணாடி வழியே உருகும் இரும்பின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் என் ஜாயின்ட் முழுக்க ஓட்டை. வெல்டர் சர்டிபிகேட் போனால் எங்கள் பட்டறையில் சூப்பர்வைசர் நாற்காலியும் போய்விடும். அந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது?

எழிலனிடம் மட்டும் சொன்னேன். “இதுக்கா நைனா பேஜார் ஆயிகினு கீற? நான் போட்டுத் தரேன், நீ உன் நம்பர குத்திக்கோ” என்று சிரித்தான். அவன் போட்டான், நான் குத்தினேன். அந்த சர்டிபிகேட்டுக்காக வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் தேர்விலும் அவன்தான் எனக்குப் பதில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டை மாட்டி இறக்கிவிட்டால் எல்லா வெல்டருக்கும் ஒரே முகம்தான். அதிகாரி டீ குடிக்கப் போய்விடுவார்.

அவனுக்குத் தனி நம்பர் தரலாமா என்று ஆபீஸில் இரண்டு முறை கேட்டார்கள். இன்னும் கை படியவில்லை என்றேன். பதிவேட்டில் அவன் ஹெல்பராகவே இருந்தான். அதனால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவில் இருந்துதான் மீனை எடுப்பான்.

விசாவுக்கு அனுபவக் கடிதம் கேட்டு வந்தபோது மறுக்கவில்லை. பதினோரு வருஷமும் குழாய் வெல்டர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என் செல் நம்பரையும் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அவன் போக மாட்டான் என்றுதான் நினைத்தேன். நம் பேட்டையிலிருந்து யார் கனடா போனார்கள்?

பிறகு விசா ஆபீஸிலிருந்து போன் வந்தது. எழிலன் என்ன வேலை என்று கேட்டார்கள். பதிவேட்டில் ஹெல்பர் என்று இருப்பதைச் சொன்னேன். பதிவேட்டில் இருப்பதைச் சொன்னது பொய்யாகுமா?

மூன்று வாரத்தில் அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். “நைனா, லெட்டரே பொய்யின்னுட்டாங்க நைனா. அஞ்சு வருஷம் திரும்ப அப்ளை பண்ணவே கூடாதாம். கொயந்தைக்கு நான் இன்னா பதில் சொல்றது?” அவனுக்கு முப்பத்தொன்பது. வயது ஏற ஏற கனடா விசாவுக்கான மார்க் குறையும் என்று அவனே சொல்லியிருந்தான். தோளில் கை போட்டு உட்கார வைத்தேன். “உன் விசா ஏஜென்ட்டுதான் எதுனா கோல்மால் பண்ணிகீறான். கோர்ட்டுக்குப் போடா. நான் கீறன்ல?” என்றேன். ஆமாம், கோர்ட்டுக்குப் போகச் சொன்னதே நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கனடா கோர்ட் கேட்டால் விசா ஆபீஸ்காரர்கள் கோப்பை முழுசாகக் கொடுத்துவிடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பட்டறையில் போனில் பேசியது போனோடு போய்விடும். அங்கே ஒவ்வொரு பேச்சையும் நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் காகிதத்தில் இரண்டு போன் இருக்கிறது. சரி. எனக்கும் அசதியாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

காலை பதினொன்று பத்துக்கு அவர்கள் கூப்பிட்டார்கள். அப்போது நான் ஹெல்பர் என்று சொல்லவில்லை. வெல்டர், தங்கமான கை என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். அத்தோடு விசா வந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தேன். எதிரில் அவன் என் டப்பா மீனைத் தின்றுகொண்டே, அந்த ஊரில் பனி விழும், குழந்தை பனியில் விளையாடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போய்விட்டால் அடுத்த தேர்வில் ஹெல்மெட்டுக்குள் யார் உட்காருவார்?

இரண்டே முக்காலுக்கு நான் அதே நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டேன். காலையில் பயந்து பொய் சொல்லிவிட்டேன், அவன் ஹெல்பர், அந்தக் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அவன் கண்ணெதிரில் நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. தெரியாத ஊரில், குளிரில், அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இதையெல்லாம் வாக்குமூலமாக எழுதி நான் கையெழுத்துப் போட்டால் அவன் பெயர் சுத்தமாகும், தடையும் நீங்க வழி உண்டு என்கிறீர்கள். புதன்கிழமைக்குள் கோர்ட்டில் போய்ச் சேர வேண்டும் என்கிறீர்கள். எனக்கும் அவன் நல்லபடியாகப் போக வேண்டும் என்றுதான் ஆசை. கட்டாயம் போடுகிறேன். ஆனால் வியாழக்கிழமை எனக்குத் தேர்வு இருக்கிறது. வெள்ளிக்கிழமை காகிதத்தைக் கொண்டு வாருங்கள். அதுவரை அவனிடம் எதுவும் சொல்லாதீர்கள், அம்மா. அவன் கை நடுங்கிவிட்டால் என் வேலை போய்விடும்.