பாம்புப் பாடத்துக்கு வாங்கிய அனுமதி

எனக்கு ஜெராக்ஸ் வாசனை பிடிக்கும், இன்ஸ்பெக்டர் சார். சூடான தாள் கட்டு கைக்கு வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடுகூட வேண்டாம். அதனால்தான் எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் பாடத்தொகுப்பு தயாரிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

பதிப்புரிமையில் நான் கறார். அடுத்தவர் எழுத்தை அனுமதியில்லாமல் அச்சடிப்பது திருட்டு. முதல்வர் செல்வமேரி மேடமும் அப்படித்தான். எழுதியவர் கையெழுத்து வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பாம்புப் பாடத்தை எழுதியவர் தென்னூரில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் அற்புதசாமி. மாணவர்கள் திருவெள்ளறை வயல்களுக்குக் களப்பயணம் போவதற்குள் புத்தகம் தயாராக வேண்டும். போன் செய்தேன்.

"தம்பி, அதுல ரெண்டு படத்துக்குப் பேரு மாறிப்போச்சு. கட்டுவிரியனுக்குக் கீழ வெள்ளிக்கோல் வரையன்னு கெடக்கு. வரையன் விஷமில்லாதது, விரியன் கடிச்சா ஆளு காலி. திருத்தாம கையெழுத்துப் போடமாட்டேன்."

"எப்ப சார் தருவீங்க?"

"கண்ணு ஆபரேஷன் முடியட்டும்."

எனக்கு பஸ் ஸ்டாப்பில்கூடக் காத்து நிற்கப் பொறுமை கிடையாது. அவர் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று சேர்த்தேன். ஒரே ஒரு சொல். மேடம் உடனே சரி என்றார். பழைய மாணவர்கள் கல்லூரி வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். படம் நன்றாக வந்திருந்தது. மௌன அஞ்சலியில் நானும் ஆடாமல் நின்றேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

அச்சுக்குப் போகும் முன்பே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திருத்திய பக்கங்களோடு அற்புதசாமி சார் வந்துவிட்டார். தன் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். வாட்ச்மேன் பிச்சமுத்து உள்ளே ஓடிவந்தார்.

"சார், செத்தவரு வந்திருக்காரு!"

"அது அவரு தம்பிண்ணே. ரெட்டைப் பொறவி. துக்கத்துல தன்னையே அண்ணன்னு சொல்லிக்கிறாரு, பாவம்."

மேடத்திடமும் அதையே சொல்லிவைத்தேன். சார் ஆதாரை எடுத்து நீட்டினார்.

"அண்ணன் ஆதாரைக்கூட விடாம வெச்சிருக்கீங்களே" என்று மேடம் கண்கலங்கினார்.

"நான்தாம்மா அற்புதசாமி."

"ஆமாங்க, ஆமாங்க. முதல்ல காபி சாப்பிடுங்க."

சார் காபியை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"புள்ளைங்க கைக்குத் தப்பான படம் போகக்கூடாதும்மா. அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"வாரிசா ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

'அற்புதசாமியின் தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கங்களை என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஆட்டோ ஏறினார்.

இங்கேதான் என்னைத் தப்பாக நினைக்கிறீர்கள். அனுமதி வந்துவிட்டது, சரி. ஆனால் மறைந்த ஒருவரின் எழுத்தில் வாரிசு கைவைக்கலாமா? தம்பி சொன்னார் என்பதற்காக அண்ணன் வைத்த பெயர்களை மாற்றுவது என்ன நியாயம்? திருத்தத்தை இழுப்பறையில் வைத்துவிட்டு, பாடத்தை இருந்தபடியே அச்சுக்குக் கொடுத்தேன். அச்சான புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அற்புதசாமி சார் உங்களிடம் ஓடிவந்திருக்கிறார்.

களப்பயண பஸ் காலையிலேயே கிளம்பிவிட்டது. பாடத்தின் முடிவில் ஒரு பயிற்சியும் உண்டு: வெள்ளிக்கோல் வரையனைத் தேடிக் கண்டுபிடித்து, கையில் எடுத்துப் பார்க்கவும்.

டிரைவர் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் சார், அவரிடம் ஒரு வார்த்தை அனுமதி வாங்காமல் எப்படித் தருவது?