ஜொகூருக்குப் போன செருப்பு மெஷின்

ஹலோ... செம்பவாங் கிளார்க் ஐயா வீடுங்களா? உங்க பக்கத்து வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கே ரத்தினம்மா, அதைக் கொஞ்சம் கூப்பிடுங்க. சிராங்கூன் ரோட்டுப் பூவம்மான்னு சொல்லுங்க...

ரத்தினமா? ஆமா, நான்தான்... ஒலி முகம்மது பாய் கடையிலேருந்து பேசறேன்... நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். நீ முதல்ல உட்காரு... இல்லம்மா, உன் வீட்டுக்காரர் உடம்புக்கு ஒண்ணுமில்லை. வேலைதான் போச்சு.

ஆமா... ஆமா, செருப்புக் கம்பெனிதான். காலையில லாரி வந்து அந்த ஜப்பான் மெஷினை ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு... ஜொகூருக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம்... அவங்களும் நாமளும் ரெண்டு நாடாப் பிரிஞ்ச பிறகு இங்க செஞ்ச செருப்புக்கு அந்தப் பக்கம் வரி போட்டுட்டாங்கல்ல? அங்கேயே செஞ்சா வரி இல்லையாம். முதலாளி மெஷினையே பாலம் தாண்ட வச்சுட்டான்... நான் ஒட்டுக் கேட்கலை லா. லாரிக்காரன்கிட்ட விசாரிச்சேன், அவ்வளவுதான்.

இவரா? இவருக்கு அங்க வேலை செய்யப் பெர்மிட் கிடையாதாம்... இவரு எதுக்கு? வேலை பழக அங்கேருந்து வந்து, நீ இங்க இருந்தப்ப மூணு வாரமா உங்க வீட்டுல சோறு தின்னாங்களே யாக்கூப்பும் இன்னொருத்தனும், அவங்கதான் இனிமே மெஷின் ஓட்டப் போறாங்க. ‘எனக்குக் கீழே வரப்போற ஆளுங்க, நான் சூப்பர்வைசர்’னு உன் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொன்னாரே. புதுச் சட்டை வேற... சிரிக்கலை, ரத்தினம். நேத்து வரைக்கும் சிரிச்சேன்.

இப்பவா? இங்கதான், கடை வாசல்ல. மெஷின் துடைக்கிற துணியை மடிக்கிறாரு, பிரிக்கிறாரு, மறுபடி மடிக்கிறாரு. கூப்பிட்டாத் திரும்பலை...

கேளு, கேளு. ஒரு வழி இருக்கு. அந்த ஜப்பான்காரன் ஒரு வருஷம் சொல்லிக் குடுத்ததை, எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம்னு இவரு ஒரு நோட்டுல கிறுக்கி வச்சிருக்காரே, அது உங்க அலமாரியிலதானே இருக்கு? அது இல்லாம அங்க ஒரு ஜோடிகூட உருப்படியா வராது. முதலாளி இவரைத் தேடிக்கிட்டு வந்துதான் ஆகணும், பெர்மிட்டோட...

என்னது?... எப்ப எழுதினது?... நீயா?... அவரு கிறுக்கல் புரியலைன்னு, உன் கையெழுத்துல... நம்ம ஆளுங்கதானேன்னு... ம்... ம்... அவனுங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா எழுதிக் குடுத்தியா?...

ஒரு பக்கம்கூட விடலையா?...

ஹலோ... ரத்தினம்... ஹலோ...

இல்ல, தம்பி, நீங்க அந்தத் துணியை வச்சுட்டு உட்காருங்க. உங்க ரத்தினம்தான். நல்லா இருக்கா. சும்மா பேசிக்கிட்டிருந்தோம்.