கமிட்டிக்காரர் கோவளம் போனார்

கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். எதிரே புருஷனும் பெண்சாதியும். அரசாங்கக் கல்லூரியில் கட்டணத்தைக் கூட்டிய கமிட்டியில் தாமும் ஒருவர் என்பதை, வண்டி கிளம்பும் முன்பே எல்லோர் காதிலும் விழும்படி அவர் சொல்லிவிட்டார்.

“கம்மியா வாங்கினா பசங்க காலேஜை மதிக்க மாட்டாங்க.”

“நீங்க அங்க சும்மாதானே படிச்சீங்க? அதான் மதிக்கலையா?” என்றாள் பெண்சாதி.

“அது அந்தக் காலம்டி. இப்ப பக்கத்துத் தனியார் காலேஜ்ல இன்னா வாங்கறான்னு பார்த்தோம், அதுல பாதி வெச்சோம்.”

“பக்கத்துக் கடையப் பார்த்து வெல வெக்க, படிப்பு இன்னா கத்திரிக்காயா? என் தங்கச்சி மவளுக்கு நீங்க படிச்ச காலேஜ்லதான் சீட்டு கெடச்சிது. அந்தப் பாதியும் கட்ட முடியாது, எறா உரிக்கப் போன்னுட்டான் அவ அப்பன்.”

“பெரியவங்க யாராவது எடுத்துச் சொல்லணும்.”

“அதுக்குத்தான் உங்களக் கூட்டிகினு போறேன். கம்மியா வாங்கினா நீ மதிக்க மாட்டேன்னு அந்தப் பொண்ணு மூஞ்சப் பார்த்து நீங்களே சொல்லுங்க.”

கோவளத்தில் எல்லோரும் இறங்கத் தொடங்கினோம். அந்த அம்மாள் விறுவிறுவென்று தங்கை வீட்டுச் சந்துக்குள் நடந்துவிட்டாள். கமிட்டிக்காரர் மட்டும் எழுந்திருக்காமல், வண்டி எப்போது திரும்பும் என்று டிரைவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.